தாளில் அடங்காத பாலம்

நுழையும்முன்

ஆற்றைக் கடக்க மனிதன் பாலம் கட்டினான். கட்டிய பாலத்தை ஒரு சிறு தாளில் அடக்க முயன்றபோது ஒளிப்படக் கலைஞனுக்குப் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. ஒளிப்படக்கலை பிறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், மதுரையிலும் தஞ்சையிலும் அச்சிக்கலை எதிர்கொண்ட ஒருவரின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

கோரையாறும் பாமணியாறும் கடலை நெருங்கும் இடம் முத்துப்பேட்டை. வாய்க்காலுக்கு மதகு, ஆற்றுக்குப் பாலம் என்று தண்ணீரைக் கடந்து கடந்தே நடக்கும் வாழ்க்கை அங்குள்ளோருடையது. அலையாத்திக் காட்டைக் காணப் படகில் செல்வோர், காட்டுக்குள் மரத்தால் அமைக்கப்பட்ட நடைபாதையில் நின்று கைப்பேசியில் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. எடுத்த படத்தை வீட்டில் வந்து பார்க்கும்போது ஒரு குறை தெரியும். கால்கள் நடந்து உணர்ந்த நீளம் படத்தில் இராது. நடைபாதையின் ஒரு துண்டு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டிருக்கும்.

இது படம் எடுத்தவரின் பிழையன்று. நீளமான ஒன்றைப் பார்க்கும்போது நம் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை. இடமிருந்து வலமாக நகர்கிறது. தேவையானால் தலையும் திரும்புகிறது. கால்களும் நான்கடி எடுத்து வைக்கின்றன. நகர்ந்து நகர்ந்து சேர்த்ததை உள்ளம் ஒரே காட்சியாகக் கோத்துக்கொள்கிறது. கேமராவோ நின்ற இடத்தில் நின்று, தன் கண்ணாடி வில்லைக்குள் விழும் அளவை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஆகவே கோபுரத்தைப் படமெடுப்பதைவிடப் பாலத்தைப் படமெடுப்பது கடினம். கோபுரம் தன்னைத்தானே ஒரு சட்டத்துக்குள் அடக்கிக்கொண்டு நிற்கிறது. பாலம் அப்படி நிற்பதில்லை. அது ஒரு கரையிலிருந்து மற்றொரு கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

போய்க்கொண்டிருக்கும் அந்த நீளத்தைத் தாளில் எப்படி வைப்பது? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, 1850களில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்பவரின் படங்களை அணுகினால், அவற்றில் பலவும் புதிதாய்ப் பொருள் தருகின்றன.

படைவீரர் கையில் கேமரா

டிரைப் 1822ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கில், கப்பல் கட்டும் துறைகள் நிறைந்த டெவன்போர்ட்டில் பிறந்தார். பதினேழு வயதளவில் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தார். தொழில்முறை ஓவியராகவோ சிற்பியாகவோ அவர் பயிற்சி பெற்றவர் அல்லர். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோதுதான் ஒளிப்படக்கலையில் ஈடுபட்டார். 1853இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற ஒளிப்படக் கழகத்தில் உறுப்பினரானார். இந்தியா திரும்பியதும், விடுப்பு நாள்களில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் பாராட்டப்பெற்றன. பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அதன்பின் அரசுப் பணியாயிற்று.

1856இல் சென்னை அரசு அவரை அரசு ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. பழம்பொருள் ஆய்வாளர், கட்டடக் கலைஞர், சிற்பி, வரலாற்றாசிரியர் ஆகியோருக்குப் பயன்படத்தக்கவற்றை, அவை அழிந்துபோகுமுன் படமாக்கி வைக்க வேண்டும் என்பதே நோக்கம். 'அழிந்துபோகுமுன்' என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று. தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினி அவ்வரசைத் தனதாக்கிக்கொண்டது. மதுரையின் கோட்டைச் சுவர்கள் 1840களில் இடிக்கப்பட்டிருந்தன. அகழி தூர்க்கப்பட்டுத் தெருக்களாகிவிட்டது. திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்து கிடந்தது. எதைக் காப்பது, எதை இடிப்பது என்ற முடிவுகள் அன்றாடம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அம்முடிவுகளை எடுத்த ஆட்சியே அவற்றைப் படமெடுக்கவும் ஆளனுப்பியது என்பதையும் மறந்துவிடலாகாது.

மெழுகுத் தாளில் ஒளி

இன்று கைப்பேசியைத் தொட்டவுடன் படம் பதிகிறது. டிரைப் ஒரு படம் எடுக்க எவ்வளவு பாடுபட்டார் என்று தெரிந்தால்தான் அவர் ஒவ்வொரு காட்சியையும் தேர்ந்தெடுத்த பொறுப்பு விளங்கும்.

அவர் கையாண்டது மெழுகுத் தாள் முறை. பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1851இல் இம்முறையை வெளியிட்டிருந்தார். மெல்லிய தாளில் மெழுகை உருக்கி ஏற்றுவர். பின்னர் அதை அயோடைடு உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவர். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்தால் தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். இதைக் கேமராவுக்குள் வைத்து, வில்லையின் மூடியைத் திறந்து, சில நிமிடங்கள் ஒளி படச் செய்ய வேண்டும். பிறகு வேதிக் கரைசல்களில் நனைத்தால் உருவம் மெல்ல வெளிப்படும். அது நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படிவம். வெளிச்சமான இடம் கறுப்பாகவும், நிழலான இடம் வெளிர்ப்பாகவும் அதில் தெரியும். அதனை வேறொரு தாளின்மேல் படிய வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படி கிடைக்கும்.

இம்முறையில் படத்தைப் பின்னர்ப் பெரிதாக்க வழியில்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய எதிர்ப்படிவம் வேண்டும். அவ்வளவு பெரிய கேமராவும் வேண்டும். டிரைப்பின் எதிர்ப்படிவங்கள் ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டவை. கேமரா, தாங்கி, வேதிப்பொருள் குப்பிகள், தாள்கட்டுகள் அனைத்தும் மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகச் சென்றன.

இம்முறைக்கு ஓர் இயல்பு உண்டு. சில நிமிடங்கள் மூடி திறந்திருப்பதால், அந்நேரத்தில் நடந்து போகிறவர் தாளில் பதியமாட்டார். அசையாமல் நிற்பவர் பதிவார். ஓடும் நீர் பனிபோல் வழுவழுப்பாகத் தெரியும். டிரைப்பின் பல படங்கள் ஆளரவமின்றித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றைப் பார்த்துவிட்டு, அக்கால மதுரையும் தஞ்சையும் வெறிச்சோடிக் கிடந்தன என்று எவரேனும் முடிவு செய்தால் அது பெருந்தவறு. தெருவில் மக்கள் இருந்தார்கள். தாள்தான் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

அக்காலத் தாள்கள் நீல ஒளியை மிகுதியாகவும் பச்சை, சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உணர்ந்தன. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் அச்சாயின. டிரைப் தம் எதிர்ப்படிவங்களில் தூரிகையால் வண்ணம் தீட்டி, மேகங்களையும் இலைகளின் வெளிச்சத்தையும் தாமே சேர்த்தார். எதிர்ப்படிவத்தில் வண்ணம் பட்ட இடம் ஒளியைத் தடுக்கும். அச்சில் அவ்விடம் வெளுத்துத் தெரியும். ஆவணமாக எடுத்த படத்தில் கைவேலை புகலாமா என்பது இன்றும் பேசப்படும் கேள்வி. அவர் கட்டடத்தைத் திருத்தவில்லை, தாளின் குறையைத்தான் திருத்தினார் என்று சொல்வது ஓரளவு பொருந்தும். எனினும் அவர் படத்திலுள்ள மேகத்தைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணிக்க இயலாது.

அமரபுரத்து மரப்பாலம்

நீளத்தின் சிக்கல் டிரைப்பின் முன் பெரிய அளவில் வந்து நின்றது தமிழ்நாட்டில் அன்று, பர்மாவில். இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின், 1855இல் ஆர்தர் ஃபேர் தலைமையில் ஒரு தூதுக்குழு மன்னர் மிண்டோனின் அவைக்குச் சென்றது. குழுவின் ஒளிப்படக் கலைஞராக டிரைப் உடன் சென்றார். அப்போது தலைநகர் அமரபுரம். நகரை ஒட்டிய ஏரியின் குறுக்கே, தேக்கு மரத்தூண்களின்மேல் பலகை பரப்பி அமைத்த பாலம் ஒன்று உண்டு. இன்று ஊ பெயின் பாலம் எனப் புகழ்பெற்றுள்ள அது, 1850ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். டிரைப் சென்றபோது அது கட்டி ஐந்தாறு ஆண்டுகளே ஆன புதிய பாலம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குழு அங்கே தங்கியிருந்தது. மழைக்காலம், படமெடுக்க ஏற்ற நாள்கள் குறைவு. அந்தக் குறைந்த நாள்களில் பகோடாக்களையும் மடங்களையும் மட்டுமல்லாமல் மரப்பாலத்தையும் அவர் படமாக்கினார். ஏரிக்கரையிலிருந்த பெரிய புத்தர் சிலை ஒன்றின் படத்துக்கு அவர் இட்ட தலைப்பிலும், அச்சிலை மரப்பாலத்தின் வடமுனைக்கு அருகில் உள்ளது என்ற குறிப்பைச் சேர்த்தார். பாலம் அவருக்கு வெறும் காட்சியாக இருக்கவில்லை. நகரில் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று காட்டும் அளவுகோலாகவும் இருந்தது. இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் பழக்கம் படையினருக்கு உரியது. தம் படங்களுக்கு அவர் இட்ட தலைப்புகளில் வருணனை இராது. ஊர், பொருள், திசை என்ற அளவில் அவை நின்றுவிடும்.

பர்மாப் படங்களிலிருந்து 120ஐத் தேர்ந்து 1857இல் தொகுப்பாக வெளியிட்டார். அதே ஆண்டில் மிண்டோன் மன்னர் புதிய தலைநகராக மண்டலேயைக் கட்டத் தொடங்கினார். அமரபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்தது. அரண்மனையும் மாளிகைகளும் இடம்பெயர்ந்தன. பாலம் மட்டும் அங்கேயே இருந்தது. இன்றும் மக்கள் அதில் நடந்துதான் ஏரியைக் கடக்கிறார்கள். நகரம் நிலைக்கும், மரப்பாலம் அழியும் என்று 1855இல் எவரும் நினைத்திருக்கக்கூடும். நடந்தது மாறாக.

வைகையின் தரைப்பாலம்

1857 டிசம்பரில் டிரைப் தம் பெரும் பயணத்தைத் தொடங்கினார். வடக்கே கும்பினியாட்சிக்கு எதிரான கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என 1858 ஏப்ரல் வரை அப்பயணம் நீண்டது. மதுரையில் அவர் இருந்தது சனவரி, பிப்ரவரி மாதங்களில். மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், நாயக்கர் அரண்மனை எல்லாம் பதிவாயின. கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத்தூணும் பதிவாயிற்று. அத்தூண் இன்றும் அப்பகுதிக்கே பெயராக விளங்குகிறது.

இவற்றோடு ஒரு பாலமும் உண்டு. 'வைகையாறு, மதுரைக்குச் செல்லும் தரைப்பாலத்துடன்' என்ற பொருள்படும் தலைப்பு அப்படத்துக்கு இடப்பட்டது.

தரைப்பாலம் என்பதைக் காவிரிப் படுகை மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. உயர்ந்த தூண்களும் வளைவுகளும் இன்றி, ஆற்றுப்படுகையை ஒட்டியே தாழ்வாகப் போடப்படும் பாதை அது. நீர் குறைவாக உள்ள காலத்தில் வண்டிகளும் மக்களும் அதன்மேல் கடப்பர். வெள்ளம் வந்தால் ஆறு அதன்மேல் கடக்கும். மேம்பாலம் ஆற்றை வென்றதாகக் காட்டிக்கொள்ளும்; தரைப்பாலம் ஆற்றோடு உடன்படிக்கை செய்துகொண்ட பாலம். வைகை போன்று ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து திடீரெனப் பெருகும் ஆற்றுக்கு அன்றைய நிலையில் அதுவே பொருத்தமாயிருந்தது.

இப்பாலத்தை எடுக்க டிரைப் மதுரையின் எதிர்க்கரையைத் தேர்ந்தார் என்பதைத் தலைப்பே உணர்த்துகிறது. இக்கரையில் கேமரா, அக்கரையில் நகரம். இடையில் ஆறும் பாதையும். கோயில் நகரத்தைக் காட்ட வந்தவர், இப்படத்தில் நகரத்தைத் தொலைவில் நிறுத்திவிட்டு, அதற்குப் போகும் வழியை முன்னால் வைத்தார். மதுரைக்குள் நுழையும் ஒரு வழிப்போக்கன் முதலில் காண்பது எதுவோ அதுவே படத்தின் பொருளாயிற்று. அரண்மனைகளையும் சிற்பங்களையும் எடுக்க அனுப்பப்பட்ட ஒருவர், அழகு என்று எவரும் சுட்டாத ஒரு தாழ்ந்த பாதைக்காக ஒரு மெழுகுத் தாளையும் பல மணிநேர உழைப்பையும் செலவிட்டது கவனிக்கத்தக்கது.

1889இல் வைகையின்மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது. மதுரை மக்கள் ஏ.வி. பாலம் என அழைக்கும் அப்பாலத்திலிருந்தே இன்று பலரும் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையைக் காண்கின்றனர். பாலம் உயர்ந்ததும் பார்வையும் உயர்ந்துவிட்டது. அதற்கு முன், ஆற்றைக் கடந்தவர்கள் வைகையை மணலின் மட்டத்திலிருந்து பார்த்தார்கள். அந்தப் பழைய பார்வை டிரைப்பின் படத்தில் தங்கியிருக்கிறது.

கீழிருந்து ஒரு பார்வை

பாலத்தைப் படமெடுக்கும் கலை டிரைப்போடு நின்றுவிடவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் நியூயார்க்கில் அது வேறொரு திருப்பம் கண்டது. அத்திருப்பத்தை அறிந்தால் டிரைப் தஞ்சையில் செய்தது மேலும் விளங்கும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலம் 1883இல் திறக்கப்பட்டது. இரு பெருங்கற்கோபுரங்களுக்கு இடையே இரும்புவடங்களில் தொங்கும் அதன் நடுப்பகுதி மட்டும் 1595 அடி. அந்நகரின் அடையாளமாகவே அது ஆகிவிட்டதால், ஒளிப்படக் கலைஞர்கள் பலரும் அதை எடுத்தார்கள். தொடக்கத்தில் எடுத்தவர்களில் பலர், ஓவியத்தைப் போலத் தோன்ற வேண்டும் என்று மூடுபனியும் மங்கலும் கலந்து எடுத்தனர். ஒளிப்படம் ஓவியத்தின் தங்கையாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் அப்போது இருந்தது.

1929ஐ ஒட்டி, வாக்கர் எவன்ஸ் என்ற இருபத்தைந்து வயதளவிலான இளைஞர் கையடக்கக் கேமராவுடன் அப்பாலத்துக்குச் சென்றார். அவர் பாலம் முழுவதையும் காட்ட முயலவில்லை. பாலத்தின் அடியில் சென்று அண்ணாந்து பார்த்தார். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கரும்பட்டை தலைக்குமேல் போவது தெரிந்தது. மேலே நடைபாதையில் நின்று, வடங்கள் ஒன்றையொன்று வெட்டி வலையாகப் பின்னுவதை எடுத்தார். எல்லாம் கூர்மையான கோடுகள், அழுத்தமான கறுப்பு, வெள்ளை. இது எந்தப் பாலம் என்று ஒரு கணம் தெரியாமல்கூடப் போகலாம். பாலம் என்றால் என்ன என்பது தெரியும். ஓவியத்திடம் கடன் வாங்காமல், கேமராவால் மட்டுமே காணக்கூடியதைக் காட்டும் இத்தகைய படங்களையே நவீனத்துவ ஒளிப்படங்கள் என்பர். அவருடைய நண்பர் ஹார்ட் கிரேன் எழுதிய 'பாலம்' என்னும் நெடுங்கவிதை 1930இல் பாரிஸ் நகரில் நூலாக வெளிவந்தபோது, எவன்ஸின் மூன்று படங்கள் அதில் இடம்பெற்றன. கவிதைக்கு விளக்கமாக வரையப்பட்ட ஓவியங்கள் போலல்லாமல் அவை தனித்து நின்றன.

ஆக, நீளத்தை வெட்டி, ஒரு துண்டின் வலிமையால் முழுமையை உணர்த்துவது எவன்ஸின் வழி. அவ்வழி கவிஞனுக்கு ஏற்றது. ஆவணம் தேடுவோனுக்கு அது போதாது. ஏனெனில் வெட்டி எறிந்த பகுதியில்தான் அவன் தேடியது இருந்திருக்கலாம்.

இருபத்தொரு தாள்கள்

1858 மார்ச், ஏப்ரல் மாதங்களில் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் இருந்தார். விமானம், நந்தி, சுப்பிரமணியர் கோயில் ஆகியவற்றை எடுத்த பின்னர், அவர் பார்வை கீழே இறங்கியது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. பார்க்கும் இடமெல்லாம் எழுத்து. இராசராச சோழன் கோயிலுக்குத் தான் அளித்தவற்றையும், தன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். பொன், மணி, நிலம், திருமேனிகள், அவற்றின் எடை, அளவு என நீளும் பெருங்கணக்கு அது.

டிரைப் சென்ற நாளில் இவ்வளவும் நமக்குத் தெரிந்திருந்ததாக எண்ணிவிடக் கூடாது. பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதிலேயே அன்று தெளிவில்லை. காடுவெட்டிச் சோழன் என்றும் கரிகாலன் என்றும் கதைகள் வழங்கின. 1880களில் ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் அக்கல்வெட்டுகளை முறையாகப் படித்த பின்னரே, முதலாம் இராசராசன் எடுப்பித்த கோயில் இது என்பது உறுதியாயிற்று. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அவை 1891 முதல் அச்சேறின.

ஆகவே 1858இல் அந்த எழுத்துகள் பேசாமல் இருந்தன. கட்டியவன் பெயரைத் தாங்கியிருந்தும், கேட்பார் இல்லாததால் அதைச் சொல்லாமல் இருந்தன. டிரைப்புக்கும் அவற்றைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத ஒன்றைப் படமெடுப்பவனுக்கு ஓர் இக்கட்டு உண்டு. எந்த வரி முதன்மையானது, எதை விட்டாலும் குற்றமில்லை என்று அவனால் தீர்மானிக்க முடியாது. தெரிந்தவன் தேர்ந்தெடுப்பான், தெரியாதவன் நேர்மையாளனாக இருந்தால் எதையும் விடமாட்டான்.

டிரைப் எதையும் விடாத வழியைத் தேர்ந்தார். கேமராவை அடித்தளத்தின் எதிரே நிறுத்தி ஒரு படம். பிறகு சிறிது நகர்த்தி அடுத்த படம். மீண்டும் நகர்த்தி இன்னொன்று. இவ்வாறு 21 எதிர்ப்படிவங்கள். ஒவ்வொன்றுக்கும் தாளில் மெழுகேற்றல், வெள்ளி உப்பில் தோய்த்தல், நிமிடக்கணக்கில் காத்திருத்தல் எல்லாம் உண்டு. ஒரு படத்தின் வலது ஓரம் அடுத்த படத்தின் இடது ஓரத்தோடு பொருந்த வேண்டும். கேமராவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவு மாறினால் எழுத்தின் அளவு மாறிவிடும். நடுவில் வெயில் மாறினால் ஒரு துண்டு வெளுத்தும் மறு துண்டு கறுத்தும் போகும். வெட்டெழுத்தைக் காட்டுவதே நிழல்தான். ஒளி நேராக விழுந்தால் பள்ளம் தெரியாது. சாய்ந்து விழுந்தால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பிலும் ஒரு கீற்று நிழல் தங்கும்.

அச்சிட்ட படங்களை வரிசையாக ஒட்டியபோது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று. அதனை ஒரே நேரத்தில் கண்ணால் வளைத்துவிட முடியாது. பார்ப்பவர் நடக்க வேண்டும். பாலத்தின் நீளம் ஏன் தாளில் அடங்கவில்லை என்ற தொடக்கக் கேள்விக்கு இது ஒரு விடை. தாளை நீட்டி, பார்ப்பவரையும் நடக்க வைத்தார் டிரைப். இன்று கைப்பேசியில் அகலப்படம் எடுக்கும் வசதி உண்டு. கையை மெல்லத் திருப்பினால் கருவியே துண்டுகளை ஒட்டித் தருகிறது. அந்த ஒட்டுவேலையைத் தாமே நகர்ந்து, தாமே அளந்து செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

கல்வெட்டுகளைப் படியெடுக்க வேறு வழியும் உண்டு. ஈரத்தாளைக் கல்லின்மேல் அழுத்தி, உலர்ந்ததும் மை ஒற்றி எடுப்பர். மைப்படி என்பது அதன் பெயர். எழுத்தைப் படிக்க மைப்படியே தெளிவானது. ஆனால் மைப்படியில் எழுத்து மட்டும் வரும், கல் வராது. எழுத்தைச் சுற்றியுள்ள சிதைவும், விரிசலும், அடித்தளத்தின் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் முறையும் ஒளிப்படத்தில்தான் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது.

'ஆடம்பரம்' எனப்பட்ட பணி

பயணம் முடிந்து சென்னை திரும்பியவுடன், அமராவதிச் சிற்பங்களை 75 படங்களாக எடுத்தார். அச்சிற்பங்கள் 1859இல் கப்பலேறி இலண்டன் சென்றன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. தென்னாட்டுப் படங்கள் ஊர்வாரியாகத் தொகுப்புகளாக வெளிவந்தன. அச்சுக்கூடம் வைத்து, உதவியாளர்களைப் பழக்கி, ஆயிரக்கணக்கான படிகளை வெயிலில் காட்டி எடுக்க வேண்டியிருந்தது.

1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கிளர்ச்சிக்குப் பின்னர் வறண்டிருந்த கருவூலத்தை நோக்கினார். அரசு ஒளிப்படப் பணி மிகையான ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்தினார். வரவையும் செலவையும் மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. அன்றைய தேதியில் அந்தப் படங்களால் எந்த வாய்க்காலும் தூர்வாரப்படவில்லை. எந்தச் சாலையும் போடப்படவில்லை. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். முப்பத்தெட்டு வயதுக்குள் அவருடைய பெரிய படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பின்னர் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊருக்கே சென்று 1902இல் மறைந்தார்.

படங்கள் மெல்ல மெல்ல மதிப்பேறின. திருமலை நாயக்கர் அரண்மனையை ஆளுநர் நேப்பியர் 1866ஐ அடுத்த ஆண்டுகளில் புதுப்பித்தார். புதுப்பிக்குமுன் அது எந்நிலையில் இருந்தது என்பதை அறிய டிரைப்பின் படங்களே கைகொடுக்கின்றன. இதைக் கீழ்த்தஞ்சையினர் எளிதில் உணர்வர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரைகடந்த இரவில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. அதற்கு முந்தைய விடுமுறையில் யாரோ பொழுதுபோக்காக எடுத்த படகுப் பயணப் படங்கள், ஒரே இரவில் சான்றுகளாக மாறிவிட்டன. அலைகளின் ஓரத்தில் மரம் எவ்வளவு அடர்ந்திருந்தது, எந்த வளைவில் நீர் எவ்வளவு உள்ளே வந்திருந்தது என்று கேட்டால் அவைதான் சொல்லும். எடுத்தபோது எடுத்தவருக்கு அது தெரியாது.

2014, 2015ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் ஆகிய நகரங்களின் பெரும் அருங்காட்சியகங்கள் டிரைப்பின் இந்திய, பர்மியப் படங்களைக் கண்காட்சியாக வைத்தன. காட்சிக்கூடத்துக்கு வந்தோர் அவற்றைக் கலைப்படைப்புகளாகக் கண்டனர். தஞ்சையில் நிலைமை வேறு. அங்கே மூலம் இன்னும் நிற்கிறது. 19 அடி அகலப்படத்தின் படி ஒன்றைக் கையில் விரித்துக்கொண்டு விமானத்தின் அடித்தளத்தை ஒருவர் வலம் வந்தால், தாளிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே கல்லிலுள்ள அதே வரி நிற்கும். 1858இல் முழுமையாக இருந்த ஓர் எழுத்து இன்று தேய்ந்திருக்கிறதா, அன்றே பொரிந்திருந்த ஒரு மூலை அப்படியே இருக்கிறதா என்று அவர் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே நடக்கலாம்.